எட்டாவது கன்னிக்கு மஞ்சள் பூசிய கதை

யோவ் கம்பி, கோவிச்சுக்காதே. உன்னைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நல்லதையும் எழுதுவேன், ஊர் சிரித்ததையும் எழுதுவேன். நீ இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை வுட்டுடு, அதை வுட்டுடு" என்று என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருப்பாய். இப்போது பிடுங்க ஆள் இல்லை.

என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். ஊரில் அவர் சொந்தப் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்பி என்றால் சின்னப் பிள்ளைகூட எங்கள் வீட்டைக் காட்டும். ஆழ்துளைக் கிணற்றில் இருக்கும் மோட்டாரை மேலே தூக்கி, ரிப்பேர் பார்த்து, திரும்ப இறக்குவது அவர் வேலை. ஆம்பூரைச் சுற்றி, அந்தப் பக்கம் திருப்பத்தூர் வரைக்கும் போய் வருவார். வேலையில் மிச்சமான எர்த் ஒயரை ட எழுத்து மாதிரி வளைத்து ரெண்டு செம்புக் கம்பி செய்து வைத்திருந்தார். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். கீழே ஏதாவது ஓடினால் ரெண்டும் தானாகத் திரும்பி ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். அதை வைத்துத் தண்ணீர் பார்ப்பார், சக்தி பார்ப்பார், வேறு எதுவும் கிடைக்காத நாளில் என்னைப் பார்ப்பார்.

நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தைத்து வரும் ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை. எழுத்துப் பிழை இருந்தால் அதையும் நூல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் பைபாஸில் பைக் சறுக்கி அவர் போய்ச் சேர்ந்தார். பொங்கல் முடிந்த கையோடு அவருடைய மானம் என் வாயில் வந்து மாட்டிக்கொண்டது. நான் வாயைத் திறந்தால் ஊரே அவரை நினைத்துச் சிரிக்கும். மூடிக்கொண்டால் அவருடைய சித்தப்பாவின் நிலம் நாறிப்போகும். முடிவு பண்ண எனக்குக் கிடைத்தது செவ்வாய்க்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும். அந்தக் கதைதான் இது. ஆனால் கம்பியிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், மனுஷன் ரெண்டு கையிலும் கம்பியோடு வீட்டுக்குள்ளேயே ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறார்.

"இன்னாயா பண்ற?" என்றேன்.

"வீட்டுல சக்தி எங்க ஓடுதுன்னு பாக்குறேன்."

அவர் அம்மாவின் கட்டில் பக்கம் போனதும் கம்பி ரெண்டும் சேர்ந்துகொண்டது.

"ம்மா, உன் கட்டிலுக்கு அடியில சக்தி ஜாஸ்தியா இருக்குது."

என் மாமியார் படுத்தபடியே சொன்னார்: "அடியில என் முறுக்கு டப்பா இருக்குது. எடுத்துத் திங்க வழி பாக்காத."

அப்படிப்பட்ட வீடு. புது இடம் என்று அழுதுகொண்டிருந்த நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தேன்.

அந்த வருஷம் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார். கோட்டு போட்ட ஒரு ஆள், பூமிக்கு அடியில் சக்திக் கோடுகள் ஓடுகின்றன, பழைய சாமி இடங்களெல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும், நம் முன்னோருக்கு அது தெரியும் என்று அரை மணி நேரம் பேசினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது. ஏரிக்கரையில் ஏழு கன்னிமார் கல் இருக்கிறது. அங்கேயிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு புறப்படுவார். கம்பி சேருகிற இடத்தில் காலால் கோடு கிழிப்பார், நோட்டில் எழுதுவார், மறுபடி நடப்பார். ரெண்டு மாசத்தில் கோடு கிடைத்துவிட்டது. கன்னிமார் கல், அங்கிருந்து பச்சை அடித்த சின்ன தர்கா, தாண்டினால் நாகம்மா புற்று, கடைசியில் ரோட்டோரத்தில் மாதா சிலை வைத்த கெபி. நாலும் ஒரே வரிசையில்.

"பாத்தியாடி," என்றார், "நாம சாமிங்களப் பிரிச்சு வெச்சிருக்கோம். அவங்க கீழ கைகோத்துக்கிட்டு நிக்கிறாங்க."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூர் கோட்டைக்குப் போய்விட்டு பிரியாணி சாப்பிட்டு வரலாம் என்று சொல்லி என்னைக் கிளப்பினார். நானும் புதுச் செருப்பு, பூ எல்லாம் போட்டுக்கொண்டு வந்தேன். பைக் ஏரிக்கரையில் நின்றது. "கோடு பூரா ஒரு தரம் ஒன்னோட நடந்துட்டா, அப்புறம் கோட்டைக்குப் போலாம்," என்றார். முள்ளிலும் வரப்பிலும் நடந்து தர்கா வருவதற்குள் என் குதிகால் தேய்ந்துவிட்டது.

"கால் வலிக்குதுயா."

"அதான் சக்தி. ஏறும்போது அப்படித்தான் இருக்கும்."

தர்காவில் விளக்குப் போடுகிற பாய் வாசலில் உட்கார்ந்திருந்தார். இவருக்கு அப்பா வயசு, ஆனால் ரெண்டு பேரும் தோஸ்த் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"இன்னா தோஸ்த், கம்பி பேசுதா?"

"பேசுது பாய்."

"இன்னா சொல்லுது?"

"நேரா போன்னு சொல்லுது."

"சம்சாரம் இன்னா சொல்லுது?"

"பசிக்குதுங்குது."

"அதை மொதல்ல கேளு," என்று பாய் என் கையில் ஒரு பிடி பூந்தி வைத்தார். அன்றைக்கு நாங்கள் கோட்டைக்குப் போகவில்லை. வேலூர்க் கோட்டையை நான் இதுவரைக்கும் பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

எட்டாவது கல் கிடைத்தது அதற்கப்புறம். கன்னிமாருக்கும் தர்காவுக்கும் நடுவில், வேலிக்காத்தான் புதருக்குள், முட்டி உயரத்துக்கு ஒரு கல். அதன் பக்கம் போனதும் கம்பி ரெண்டும் டிங் என்று ஒன்றில் ஒன்று மோதிக்கொண்டது. இவர் அங்கேயே குந்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் மாமியார் என்னையும் கூட்டிக்கொண்டு மஞ்சளும் குங்குமமுமாக வந்துவிட்டார்.

"கன்னிமார் ஏழு பேருதானே அத்தை?" என்று கேட்டேன்.

"எட்டாவதா ஒருத்தி வந்தா வேணாம்னு தொரத்தி வுட்டுடுவியா?" என்றார் மாமியார். கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். "கடைசித் தங்கச்சி. அக்காளுங்க மேல கோவம், அதான் தள்ளி வந்து நிக்கிறா. எனக்கும் ஆறு அக்கா. எனக்குத் தெரியும்."

கழுவி, மஞ்சள் பூசி, ஒரு சிவப்புத் துணியும் சுற்றினார். கல் ரொம்பச் சதுரமாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. மருமகள் ஆயிற்றே, வாயைத் திறக்கவில்லை. ஒரு மாசத்தில் செவ்வாய்க்கிழமைக்குப் பத்துப் பேர் வர ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குப் பிள்ளையின் காய்ச்சல் விட்டது. இன்னொருத்திக்கு ஓடிப்போன ஆடு திரும்பி வந்தது. சில நாள் அங்கே ஒரு வாடை அடிக்கும். தோல் பதனிடுகிற ஆம்பூர்ப் பக்கம் பிறந்தவர்கள் அதையெல்லாம் வாடை என்று கணக்கில் எடுக்கமாட்டோம்.

ஒரு நாள் சாயங்காலம் கல் பக்கத்தில் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். நானும் படுத்தேன். ரெண்டு பேர் மூக்கும் இடிக்கிற தூரம். கீழே ஆழத்தில் உர்ர் என்று ஒரு சத்தம், விட்டு விட்டு வந்தது.

"கேக்குதாடி?"

"கேக்குது."

"அதான் சக்தி ஓடுற சத்தம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லவில்லை. பத்து நிமிஷம் அப்படியே படுத்திருந்தோம். கம்பெனியில் தலை வலித்தால் இப்போதும் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அவருடைய சித்தப்பாவுக்கு, எனக்குச் சின்ன மாமாவுக்கு, ஏரிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கத்திரி, தக்காளி, வரப்போரம் தென்னங்கன்று. பழைய போர்க் கிணறு மண் சரிந்து மூடிக்கொண்டது. புதுசாக எங்கே போடலாம் என்று அண்ணன் மகனைத்தான் கேட்டார். இவர் கம்பியோடு நிலம் பூராவும் நடந்தார். பழைய வண்டிப் பாதை நிலத்தோடு கலந்துபோன கிழக்கு ஓரத்தில் கம்பி சேர்ந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தால் அது சக்திக் கோட்டின் மேலேயே வருகிறது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு இரும்பு முளையை எடுத்து அந்த இடத்தில் அடித்தார்.

"சித்தப்பா, இங்க போடு. கண்ண மூடிக்கிட்டுப் போடு. நாலு சாமி சேந்து தர்ற தண்ணி."

"கண்ண மூடிக்கிட்டா வண்டிக்காரன் வேற எடத்துல போட்டுடுவான்டா," என்றார் சின்ன மாமா.

மழைக்கு முன்னால் நடந்தது இது. மழையோடு அவரும் போய்விட்டார்.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. வீட்டில் நானும் மாமியாரும் ரெண்டே பேர். சாயங்காலம் ஏதாவது பைக் சத்தம் கேட்டால் ரெண்டு பேரும் தலையைத் தூக்குவோம், ஒருத்தர் தூக்கியதை இன்னொருத்தர் பார்க்காத மாதிரி இருப்போம். அவ்வளவுதான் எழுத முடியும்.

பொங்கல் முடிந்ததும் சின்ன மாமா வீட்டுக்கு வந்தார். அண்ணிக்கு முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழம போர் வண்டி வருது அண்ணி. அவன் மொளை அடிச்ச எடத்துலதான் போடுறேன். அவன் பேர் சொல்லி அந்தத் தண்ணி ஓடட்டும்." மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் ரொம்ப நாளைக்கு அப்புறம் நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி வேன் வருவதற்கு முன் விளக்கு வைத்துவிட்டு வரலாம் என்று எட்டாவது கன்னியிடம் போனேன். காக்கிச் சட்டை போட்ட ஒருத்தர் குந்திக்கொண்டு இரும்பு பிரஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்புத் துணி புதர் மேல் கிடந்தது. மஞ்சள் பொடிப்பொடியாக அவர் பேன்ட்டெல்லாம் கொட்டியிருந்தது.

"அண்ணா, இன்னா பண்றீங்க. சாமிக் கல்லு அது."

"சாமியா? எந்த சாமி?"

"எட்டாவது கன்னி."

அவர் பிரஷை நிறுத்தி, கல்லை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "பதினாலும்மா இது," என்றார்.

கல்லில் ஒரு அம்புக்குறியும் அதற்குக் கீழே பதினாலு என்ற எண்ணும் தெரிந்தன.

"மூணு வருசமா தேடுறேன்மா. மேப்புல இருக்குது, தரையில காணோம். எங்க சாரு பாக்கும்போதெல்லாம் பதினாலு எங்கய்யா, பதினாலு எங்கய்யாங்கறாரு. நீங்க என்னடான்னா மஞ்ச பூசித் துணி கட்டி வெச்சிருக்கீங்க."

"எதோட பதினாலுண்ணா?"

"டேனரி தண்ணி போற பைப்பு. எல்லா டேனரியில இருந்தும் தோல் கழுவுன கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற பிளான்டுக்குப் போவுதில்ல, அந்த லைனு. வழியில அங்கங்க கல்லு நட்டு நம்பர் போட்டிருக்கும்."

லைன் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன். அவர் பிரஷை நீட்டிக் காட்டினார்.

"ஏரிக்கர ஓரமா வருது. இந்தப் பக்கம் தர்கா பின்னால போயி, புத்தத் தாண்டி, மாதா கெபிகிட்ட ரோட்டக் கடக்குது."

"எல்லா சாமிக்கும் அடியிலயே எதுக்குண்ணா போட்டீங்க?"

"நாங்க எங்கம்மா சாமியப் பாத்தோம்? பழைய வண்டிப் பாத இது, பொறம்போக்கு. பட்டா நெலத்துல கடப்பாறை போட்டா அருவா தூக்கினு வருவான். பொறம்போக்குன்னா கேக்க ஆள் இல்ல."

யோசித்துப் பார்த்தால் எங்கள் சாமிகளும் அப்படித்தான் வந்திருப்பார்கள். யார் நிலத்திலும் இடம் கிடைக்காமல் வண்டிப் பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பைப்பும் அதே வழியாகப் பின்னால் வந்திருக்கிறது. காதை வைத்தால் கேட்ட உர்ர் சத்தம் என்னவென்று அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

"எவ்ளோ ஆழத்துல இருக்குதுண்ணா?"

"ஒரு ஆள் ஒசரம்கூட வராது."

"அது மேல யாராவது போர் போட்டா?"

"போட்டா அவ்ளோதான். கறுப்புத் தண்ணி பீச்சினு அடிக்கும். அந்த நெலத்துல அப்புறம் பல வருசம் பயிர் இல்ல. யாரு போடப் போறா?"

"சும்மா கேட்டேன்."

அவர் போகும்போது, "தப்பா நெனைக்காத தங்கச்சி. வெள்ளை பெயிண்ட் அடிச்சே ஆவணும்," என்று போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். வேன் போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். அன்றைக்கு நூலுக்குப் பதிலாகத் தையலையே வெட்டினேன். சூப்பர்வைசர் அக்கா, "கண்ணு எங்க மேயுது?" என்று திட்டினார்கள். திட்டு எனக்கு இதமாக இருந்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டீக்கடையில் பேச ஆறு மாசத்துக்கு அது போதும். டேனரிச் சாக்கடையைப் பிடித்துக்கொண்டு மூணு வருஷம் சக்தி என்று நடந்த கம்பி. உயிரோடு இருந்தால் அவரே சமாளிப்பார், பதிலுக்கு நாலு வார்த்தை விடுவார். செத்தவரால் பதில் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால் சின்ன மாமாவின் நிலம் போய்விடும். அதுவும் இவர் பேரைச் சொல்லியே போகும்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் அந்தக் கம்பிகளை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனேன். அங்கே கம்பி சேரக்கூடாது, பைப்பு வேறு பக்கம் போகிறது என்று இருக்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை. முளையிடம் போனேன். சேர்ந்துகொண்டது. பின்னால் வந்து மறுபடி போனேன். மறுபடி சேர்ந்துகொண்டது. "சனியனே," என்று கம்பியைத் திட்டிவிட்டு ஒரு வேலை செய்தேன். யாரும் இல்லையா என்று பார்த்து, முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, நிலத்தின் மேற்குப் பக்கம் வெகு தூரம் கொண்டுபோய்க் கல்லால் அடித்து நட்டேன். பழைய குழியைக் காலால் மூடினேன். மானமும் தப்பித்தது, நிலமும் தப்பித்தது. வீட்டுக்கு வந்து ரொம்ப நாளைக்கு அப்புறம் ரெண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சின்ன மாமா வந்தார்.

"எவனோ மாட்டுக்காரன் மொளையப் புடுங்கி எங்கியோ நட்டு வெச்சிருக்கான் அண்ணி. நல்ல வேளை, பனமரத்துல இருந்து பதினேழு எட்டுன்னு நான் எண்ணி வெச்சிருந்தேன். திரும்பவும் அதே எடத்துல அடிச்சிட்டு வந்துட்டேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எவன் கையி அதுன்னு தெரிஞ்சா ஒடச்சிடுவேன்," என்றார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே போர் வண்டி வந்துவிட்டது. வீடு மாதிரி ஒரு லாரி, பின்னால் குழாய் ஏற்றிய இன்னொரு லாரி. வேடிக்கை பார்க்க ஊர் பாதி வந்துவிட்டது. லீவு சொல்லிவிட்டு நானும் மாமியாரோடு போய் ஓரமாக நின்றேன். புருஷன் செத்து நாலு மாசம்கூட ஆகாதவள் இந்த மாதிரி நேரத்தில் முன்னால் போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். வண்டி முளைக்கு மேல் வந்து நின்றது. முளைக்குப் பொட்டு வைத்தார்கள், சூடம் வைத்தார்கள். சின்ன மாமா தேங்காயை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீதாம்மா ஒடைக்கணும்."

"நான் வேணாம் மாமா."

"அவன் பாத்து வெச்ச தண்ணி. ஒன்ன வுட்டா வேற யாரு? எவனாவது எதனா சொன்னா நான் பாத்துக்கிறேன். வா."

தேங்காய் என் கையில் இருந்தது. நாலு எட்டு வைத்தேன். எனக்காக ஊர் வழக்கத்தையே தள்ளி வைத்த மனுஷனின் நிலம் அது. அங்கே நின்று உடைக்க என்னால் முடியவில்லை.

"மாமா, இங்க போடாதீங்க. கீழ தண்ணி இல்ல. டேனரி பைப்பு போவுது."

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்றார். கத்திச் சொன்னேன். அதே நேரம் பார்த்து வண்டிக்காரர் கம்ப்ரஸரை நிறுத்த, "டேனரி பைப்பு" என்பது ஊர் பூராவும் கேட்டுவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலாம் நம்பரைச் சொன்னேன். மாட்டுக்காரன் நான்தான் என்றும் சொன்னேன். வண்டிக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் குழாய் லாரிக்காரர்கள். அப்புறம் கூட்டம். "அப்போ அந்த எட்டாவது கன்னி?" என்று யாரோ கேட்டார்கள். "டேனரிக் கன்னி," என்று இன்னொருத்தர் சொன்னார். சின்ன மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்க பையனப் பத்தி எவனாவது பேசுனீங்க," என்று துண்டை இடுப்பில் கட்டினார்.

அப்போது என் மாமியார் நடுவில் வந்து நின்றார்.

"சிரிக்கிறதுன்னா என்னப் பாத்துச் சிரிங்க. அவன் கல்லுன்னுதான் காட்டுனான். கன்னின்னு சொன்னது நானு. மஞ்ச பூசுனது நானு. ஆறு அக்கா கதை சொன்னதும் நானு."

அவர் வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிப்பு. "வாரா வாரம் சாக்கடைக்கு முறுக்கு வெச்சு படைச்சிருக்கேன்டி," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மகன் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்தது. எதற்கு வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சின்ன மாமா அப்போதும் நம்பவில்லை. காக்கிச் சட்டை போட்ட பைப்பு அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் மேப்பைச் சுருட்டி வண்டியில் சொருகிக்கொண்டு வந்து சேர்ந்தார். தர்கா பக்கத்துக் கல்லிலிருந்து டேப்பைப் பிடித்து அளந்தார், மேப்பைப் பார்த்தார், மறுபடி அளந்தார். கடைசியில் முளைப் பக்கத்தில் குந்தினார்.

"யாருய்யா இத அடிச்சது?"

"எதுக்கு?" என்றார் சின்ன மாமா.

"பைப்புக்கு நட்ட நடு சென்டரு. ஒரு விரல்கட கூடத் தள்ளல. மேப்ப வெச்சினு, டேப்ப வெச்சினு நாங்க தேடுனாக்கூட அங்க இங்க மாறும். இவரு எத வெச்சிப் பாத்தாரு?"

"கம்பி வெச்சி," என்றேன்.

"எங்க அண்ணன் பையன்," என்றார் சின்ன மாமா. இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் பாத்தா அப்படித்தான் இருக்கும். கரெக்டா இருக்கும்."

வண்டி மேற்கு வரப்புக்குப் போனது. அங்கே முளை எதுவும் இல்லை. கம்பியும் பார்க்கவில்லை. சின்ன மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தார், அது விழுந்த இடத்தில் போடச் சொன்னார். ரொம்ப நேரம் வெள்ளைப் புழுதிதான் வந்தது. மத்தியானத்துக்கு மேல் சேறு வந்தது, அப்புறம் தண்ணீர் வந்தது. ஒன்றரை இஞ்சு இருக்கும், பயிருக்குப் போதும் என்றார்கள். சின்ன மாமா கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்த்து, "உப்பு கம்மிதான்," என்றார்.

ஊர் சிரித்தது. நான் பயந்த மாதிரியே சிரித்தது. பஸ் ஸ்டாப்பில் நான் நின்றால், "டேனரிக் கன்னிக்கு இந்த வாரம் இன்னா படையல், பினாயிலா?" என்று என் காதில் விழும்படி கேட்பார்கள். முதலில் அழுகை வந்தது. அப்புறம் பதில் பழகிவிட்டது. தர்கா பாய்கூட ஒரு நாள் வீடு தேடி வந்தார்.

"தோஸ்த் போட்ட கோட்டுல எங்க தர்காவும் இருக்குதுன்னு நானும் நாலு பேருகிட்ட பெருமையா சொல்லிட்டேன்மா. இப்போ என்னையும் சேத்து சிரிக்கிறானுங்க, ஒரே பேஜாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க பாய்?"

"பைப்பு வந்தது நேத்து, எங்க தர்கா பாவா வந்தது எப்பவோ. பாவா காலடியில பைப்புதான் வந்து வுழுந்துச்சுன்னு சொன்னேன்." சொல்லிவிட்டுக் கையிலிருந்த பூந்திப் பொட்டலத்தை என் கையில் அழுத்தி வைத்தார். அவர் போன பிறகு வெகு நேரம் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

கல்லுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, பதினாலைக் கறுப்பில் எழுதிவிட்டார்கள். மாமியார் அடுத்த செவ்வாய்க்கிழமையும் மஞ்சளோடு கிளம்பினார். நான் வாசலில் மறித்தேன்.

"அத்தை, தெரிஞ்சும் போறீங்களே."

"நம்பரு முன்னாடிதானே இருக்குது. அவளுக்கு முதுகு இருக்குதில்ல, அங்க பூசிக்கிறேன். அவன் காட்டிக் குடுத்தவளை நட்டாத்துல வுடச் சொல்றியா?"

நானும் கூடப் போனேன். இப்போதும் போகிறேன். சக்தி இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏமாற்றுவதற்காக அந்த மனுஷன் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. கம்பி காட்டிய இடத்துக்கெல்லாம் வெயிலில் நடந்தார். அவர் மானத்தை ஊருக்கு நடுவில் வைத்து உடைத்தவள் நான். சின்ன மாமாவின் தென்னங்கன்றுகள் பச்சையாக நிற்பதைப் பார்க்கும்போது செய்தது சரி என்று தோன்றும். வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டியிருக்கும் அந்த ரெண்டு கம்பியைப் பார்க்கும்போது, யோவ், கோவிச்சுக்காதே என்று சொல்லத் தோன்றும்.

இதைப் படித்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், அவரும் சிரிக்க வைக்கிற ஆள்தான். சிரித்து முடித்ததும் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் எந்தக் கோயில் வந்தாலும், எந்தத் தர்கா, எந்தச் சிலுவை, ரோட்டோரத்தில் மஞ்சள் பூசிய எந்தக் கல் வந்தாலும், கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் போட்டுக்கொண்டு, கையேந்துகிறவர்கள் ஏந்திக்கொண்டு, என் வீட்டுக்காரருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். பேர் தெரியாவிட்டால் கம்பி என்று சொல்லுங்கள், போதும். எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.